மேற்கு வெயிலுக்காக நகையை மாற்றி வைக்கலாமா?

கேள்வி: எனக்குக் கோத்தகிரி. இரண்டு ஏக்கர் தேயிலை; செலவு போக மாதம் 12,000 ரூபாய் நிற்கும். கோவையில் என் பெயரில் இருக்கும் மாடியில்லாத வீட்டில் மகன் குடும்பம் வாடகையின்றி இருக்கிறது. கோடையில் வீடு கொதிக்கிறது என்று வருஷா வருஷம் பணம் கேட்பான். நகையை வைத்துக் கொடுத்தே கடன் 2,60,000 ஆகிவிட்டது. இந்த வருஷம் மேற்குச் சுவரில் வெர்டிகல் கார்டன், இரண்டாவது ஏசி என்று 1,80,000 கேட்கிறான். தங்கம் ஏறியிருப்பதால் அதே நகைக்கே கிடைக்குமாம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வட்டியை மட்டும் கட்டி நகையை மாற்றி வைப்பதும், ஏறிய விலைக்குக் கூடுதலாக வாங்குவதும்தான் உங்களைக் கரைக்கிறது. 10 சதவீத வட்டி என்றாலும் 4,40,000-க்கு வருஷம் 44,000. மாதம் சுமார் 3,650. கொழுந்துப் பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போகும், அசல் அப்படியே நிற்கும். தங்கம் விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி வங்கியிலிருந்து அழைப்பு வரலாம்.

சுவரில் தொட்டி அடுக்கும் தோட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொட்டிக்கு இரண்டு கை மண்தான். மேற்கு வெயிலில் பம்ப் இரண்டு நாள் நின்றால் செடி கருகிவிடும். அதைவிட முக்கியம், ஏப்ரல் மூன்றாம் வாரம் கோவையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மாடியில்லாத வீட்டில் பெரும் சூடு கூரைத் தளம் வழியாகத்தான் இறங்கும். அதைச் சுவர்த் தோட்டம் தொடவே தொடாது.

மார்ச்சுக்குள் மொட்டை மாடியைக் கழுவி, காய்ந்தபின் இரண்டு கோட் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள். ஆயிரம் சதுர அடிக்குக் கூலியோடு ஏழாயிரத்துக்குள் முடியும். மழையில் கரையும், வருஷந்தோறும் அடிக்க வேண்டும்.

மேற்குச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஜிஐ பைப் நட்டு, கம்பி இழுத்து, இந்தக் கோடைக்கு 50 சதவீத நிழல் வலை கட்டட்டும். இடைவெளி இல்லாவிட்டால் சூடான காற்று மேலே போக வழியில்லாமல் சுவரோடு தேங்கும். இருபது அடிச் சுவருக்கு இருபதாயிரம் ரூபாய் அளவில் ஆகும். ஜூனில் கோவைக்காய்த் தண்டும் சங்குப்பூவும் நட்டால் அடுத்த கோடைக்குள் பந்தல் மூடிவிடும். குழி சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும். ஒட்டித் தோண்டித் தண்ணீர் ஊற்றினால் சுவரில் ஓதம் ஏறும். கொடியைச் சுவரிலேயே படர விட்டால் பூச்சு பெயரும், எறும்பு குடியேறும். ஏசியின் வெளிப்பெட்டிக்கு நிழல் நல்லது. ஆனால் அதன் முன்னால் மூன்றடி காலியாக இருக்க வேண்டும்.

முற்றத்தில் சிமெண்ட் போட்டிருந்தால் கொஞ்சம் உடைத்துவிட்டு, சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, செப்டிக் டேங்குக்கும் சம்புக்கும் விலகி ஒரு புங்கன் நடட்டும். நல்ல நிழலுக்கு நாலைந்து வருஷம் ஆகும். முருங்கை சீக்கிரம் வளரும், காற்றில் முறியும்.

இரண்டாவது ஏசி வேண்டாம். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். தினம் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் அது மட்டுமே 500 யூனிட்டைத் தொடும். 500 தாண்டினால் மின்கட்டண அட்டவணையே மாறி, முதல் சில நூறு யூனிட்டுக்கான மலிவு விகிதமும் கைவிட்டுப் போகும். ‘வட்டியில்லா இஎம்ஐ’ என்று கடையில் சொன்னால், ரொக்கத்துக்கு என்ன விலை, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

பந்தலுக்கும் சுண்ணாம்புக்கும் ஆகும் முப்பதாயிரத்துக்குட்பட்ட செலவை மகனே போடட்டும். வாடகையில்லாத வீடு, சம்பாதிக்கும் பிள்ளை. கேட்பதில் கூச்சம் வேண்டாம். நகைக்கடனுக்கு அவன் மாதம் 6,000, நீங்கள் 3,000 என்று அசலும் வட்டியுமாகக் கட்டினால் மூன்று வருஷத்துக்குள் தீரும். பகுதி பகுதியாகக் கட்டலாமா, கட்டக் கட்ட நகையைத் தனித்தனியாக மீட்கலாமா என்று கிளையில் கேட்டு, முதலில் அந்த ஏற்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து ஹைட்ராஞ்சியா, ஃபியூஷியா பூச்செடிப் பதியன் கொடுத்து அனுப்ப நினைக்காதீர்கள். கோவைக் கோடையை அவை தாங்காது.