விண்கல் தீப்பந்தைப் பதிவு செய்ய கேமரா போதாதா, ரேடியோ எதற்கு?

கேமராவுக்கு இருட்டும் தெளிந்த வானமும் வேண்டும். ரேடியோவுக்கு இரண்டுமே வேண்டாம். விண்கல் எரியும்போது பின்னால் ஓர் அயனித் தடத்தை, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுக் கோட்டை, விட்டுச் செல்லும். பிரான்சின் கிராவ்ஸ் ரேடார் 143.05 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் அலை அதில் பட்டுத் தெறித்து, அடிவானத்துக்கு அப்பால் இருக்கும் ரிசீவரில் 'பிங்' என்று ஒலிக்கும். பட்டப்பகலிலும் கேட்கலாம், எவ்வளவு அற்புதம்!

சரி, கல் எங்கே விழுந்தது? அதற்குக் கேமராதான். ஒரே தீப்பந்தை இரண்டு மூன்று ஊர்களிலிருந்து படமெடுத்தால், பின்னணி நட்சத்திரங்களை வைத்து உயரம், வேகம், பாதை எல்லாம் கணக்கிட்டுவிடலாம். 2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் வின்ச்கம் ஊருக்கு மேலே எரிந்த தீப்பந்து அப்படித்தான் பல கேமராக்களில் பதிவானது. மறுநாள் காலை ஒரு வீட்டு வாசலில், கரித்தூளைக் கொட்டியதுபோல் கிடந்தது அந்தக் கல். கார்பன் நிறைந்த அரிய வகை அது.