கண்ணாடியில் வெள்ளைச் சுருளா? மருந்து பாட்டிலைத் திறக்காதீர்கள்

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டில் மூன்றடிக் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு நீமோ மீன், ஒரு நீல டாம்சல், நாலைந்து நத்தை. பவளம் எதுவும் இல்லை, கடையில் வாங்கிய காய்ந்த கல்தான். கொஞ்ச நாளாகக் கண்ணாடியிலும் பம்பிலும் கடுகளவு வெள்ளைச் சுருள்கள் ஒட்டிக்கொண்டு பெருகுகின்றன. மீன் கடைக்காரர், 'வெள்ளைப் புள்ளி நோய், விட்டால் மீன் செத்துவிடும்' என்று நீல மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து கல் கொண்டுவந்து தரும் ஒருவரோ, 'பழைய கல்லையெல்லாம் தூக்கிப்போடுங்கள், புது லைவ் ராக் (உயிர்கள் ஒட்டியபடியே கடலிலிருந்து எடுத்த பவளக்கல்) பத்து கிலோ தருகிறேன்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். மருந்தை இன்னும் ஊற்றவில்லை என்றால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கப் பாருங்கள்.

உங்கள் கண்ணாடியில் இருப்பது ஸ்பைரார்பிட் என்ற குட்டிப் புழு. புழு என்றதும் அருவருக்க வேண்டாம், அது ஊர்ந்து திரிவதில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் தனக்கென ஒரு சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டு, ஆயுள் முழுக்க அதற்குள்ளேயே இருக்கும். கூடு தட்டையாக, கண்ணாடியோடு ஒட்டிச் சுருண்டிருக்கும். சில இனங்கள் வலம்புரி, சில இடம்புரி. (இந்த வலம்புரிக்கு ராமேஸ்வரத்தில் யாரும் விலை தரமாட்டார்கள்.)

ராத்திரி தொட்டி விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சுருளின் வாயிலிருந்து சில மெல்லிய இறகுகள் விரிந்து நிற்கும். விரலை அசைத்தால் சட்டென்று உள்ளே போய்விடும். கடைசியாக ஒரு சின்ன மூடி வந்து வாயை அடைத்துக்கொள்ளும். அந்த இறகுகள்தான் அதற்கு வாய்க்கு வழி, மூச்சுக்கும் வழி. தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியா, நுண்பாசி, மீன் தீவனத் தூள், கழிவுத் துணுக்கு எல்லாவற்றையும் இறகில் இருக்கும் நுண்ணிய ரோமங்கள் வடித்து வாய்க்கு அனுப்புகின்றன. மீனைக் கடிக்கப் பல்லும் இல்லை, மீனிடம் போகக் காலும் இல்லை.

வெள்ளைப் புள்ளி நோய் வேறு. அது மீனின் உடம்பிலும் துடுப்பிலும் உப்புத் தூவினாற்போல் வரும். மீன் கல்லில் போய் உரசும், மூச்சு வாங்கும். உங்கள் மூன்று மீனின் உடம்பிலும் புள்ளி இல்லை, உரசலும் மூச்சு வாங்கலும் இல்லை என்றால் இந்த நோய் என்று பயப்படக் காரணமில்லை. கண்ணாடியில் இருக்கும் புள்ளிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கடைக்காரருக்கு இது தெரியவில்லையா, தெரிந்தும் விற்றாரா என்பதை உங்கள் யோசனைக்கு விட்டுவிடுகிறேன்.

காய்ந்த கல் போட்ட தொட்டியில் புழு எப்படி வந்தது? பெரும்பாலும் நத்தை ஓட்டில் ஒட்டி வந்திருக்கும். இந்த வகையில் ஆண் பெண் இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிறது. முட்டையைத் தன்னிடமே வைத்து அடைகாக்கும். வெளியே விடும் குஞ்சுகள் சில மணி நேரம் நீந்திவிட்டுப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓரிரண்டு வந்தாலும் போதும், பின் கண்ணாடி நிறைந்துவிடும்.

அப்படி நிறைந்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு: தண்ணீரில் தீனி மிச்சம் இருக்கிறது. மூன்று மீனுக்கு நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் எனக்கு யூகம் உண்டு. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். தீனியைக் குறைத்தால் பெருக்கமும் தானாக அடங்கும்.

இந்தப் புழுக்கள் தொட்டியைச் சுத்தம் செய்து தந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மிதக்கும் துணுக்கைத்தான் வடிக்கும். தண்ணீரில் கரைந்துவிட்ட நைட்ரேட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. போதாததற்குத் தின்றதைத் தானும் கழிக்கிறது. ஸ்கிம்மரும் (கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி), இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து சதவீதத் தண்ணீர் மாற்றமும் உங்கள் வேலை, புழுவின் வேலை இல்லை.

இதைச் சொல்லக் காரணம், அடுத்து உங்களிடம் இதற்குச் சொந்தக்காரப் பெரிய புழு ஒன்றை விற்க வருவார்கள். ஃபெதர் டஸ்டர் என்று பெயர். தோல் போன்ற குழாய், மேலே அழகான விசிறி. 'தண்ணீரை வடிகட்டும் சார், ஃபில்டரே வேண்டாம்' என்பார்கள். புதுத் தொட்டியில் அதற்குப் போதிய தீனி இருக்காது. விசிறி மாதா மாதம் சிறுத்து, கடைசியில் குழாய்க்குள்ளேயே செத்து நாறும். அதற்கென்று நுண்பாசி திரவம் வாங்கி ஊற்றினால் தண்ணீர் இன்னும் கெடும். அதையும் அவரேதான் விற்பார். மதுரை வெயிலும் அதற்கு ஆகாது. சித்திரையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறைகிறது, தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறுகிறது. மின்வாரியப் பராமரிப்பு நாளில் பம்பும் நின்றால் கேட்கவே வேண்டாம், விசிறியை மொத்தமாக உதிர்த்துவிடும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இனி அந்த நீல பாட்டில். நீலம் என்றால் மயில்துத்தம், அதாவது காப்பர் கலந்த மருந்தாக இருக்கலாம். மெத்திலீன் ப்ளூவாகவும் இருக்கலாம். பாட்டிலில் எழுதியிருந்தால்தானே தெரியும்? வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து டப்பாவில்கூட உள்ளே என்ன, எவ்வளவு என்று அச்சடித்திருக்கிறார்கள். மீன் மருந்துக்கு மட்டும் ஒரு மீன் படமும் 'சொட்டுக் கணக்கில் ஊற்றவும்' என்ற வரியும் போதும் என்று விட்டு வைத்திருக்கிறோம். யார் கேட்கிறார்கள்?

காப்பர் என்றே வைத்துக்கொள்வோம். மீன் தாங்கும் அளவு காப்பரை நத்தையும் இறாலும் புழுவும் தாங்காது. உங்கள் நத்தைகள் முதலில் போகும். அப்புறம் நூற்றுக்கணக்கான புழுக்கள் கூட்டுக்குள்ளேயே செத்து அழுகும், அம்மோனியா ஏறும், மீன் மூச்சுத் திணறும். நீங்கள் மறுபடி அதே கடைக்கு ஓடுவீர்கள், அங்கே இரண்டாவது பாட்டில் தயாராக இருக்கும். அதோடும் முடிவதில்லை. கல்லும் பவள மணலும் சுண்ணாம்பு என்பதால் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்தத் தொட்டியில் இனி நத்தை, இறால் விடவே யோசிக்க வேண்டிவரும். மெத்திலீன் ப்ளூ என்றால், கழிவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கும். எப்போதாவது மீனுக்கு நிஜமாகவே நோய் வந்தால், கல்லும் மணலும் இல்லாத தனித் தொட்டியில் மீனை மாற்றி வைத்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

மண்டபம் அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். 'செத்த பவளம்தான் சார், பிரச்சினை இல்லை' என்பது இவர்களின் வாடிக்கையான வசனம். கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிருள்ளது, செத்தது என்ற கணக்கெல்லாம் அதில் செல்லாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இலிருந்து தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டியே இரண்டு தீவுகளை நாம் கடலுக்குக் கொடுத்திருக்கிறோம். இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கல் சாக்கில் கட்டி மதுரைக்கு வருகிறது. கடையில் என்ன விற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க ஆள் இல்லை. பிடிபட்டால் மாட்டுவது வீட்டில் தொட்டி வைத்திருப்பவர், விற்றவர் அதற்குள் நம்பரை மாற்றியிருப்பார்.

இன்னொன்று, புழுவை ஒழிக்க லைவ் ராக் வாங்குவது வேடிக்கை. கடலிலிருந்து நேரே வரும் கல்லில்தான் இந்தப் புழுவும், இதைவிட மோசமானவையும் மொத்தமாக வரும். காய்ந்த கல் போதும். கூடுதலாக வேண்டுமென்றால் பீங்கானில் செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது.

மோசமானவை என்றேன். அதில் ஒன்றை மட்டும் நீங்கள் பிரித்தறிய வேண்டும், ஏனென்றால் பார்க்க இதே புழுபோலத்தான் இருக்கும். வெர்மெட்டிட் என்று பெயர். அது புழுவே இல்லை, நத்தை. கல்லில் ஒட்டி, ஓட்டைக் குழாயாக நீட்டிக்கொண்டுவிட்ட நத்தை. உங்கள் புழுவின் சுருள் எவ்வளவு நாளானாலும் தட்டையாகக் கடுகளவிலேயே நிற்கும். வெர்மெட்டிட் சுருளில் ஆரம்பித்தாலும் பிறகு குழாய் சுருளை விட்டு நிமிர்ந்து, குச்சிபோல வெளியே நீளும். வாய் விளிம்பு கூராக விரலில் கீறும். முக்கியமான வித்தியாசம், அதற்கு இறகு கிடையாது. தீனி போட்ட பத்து நிமிடத்தில் கவனியுங்கள்: குழாய் வாயிலிருந்து சிலந்தி நூல்போலப் பிசுபிசுப்பான இழைகள் தண்ணீரில் மிதக்கும். அந்த வலையில் துணுக்கைப் பிடித்து, வலையோடு இழுத்து விழுங்கும். வலை பட்ட பவளம் சுருங்கிக்கொள்ளும். அதனால் பவளம் வளர்ப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி. கல்லை வெளியே எடுத்து, குழாய் வாயை ஜெல் வகை சூப்பர் க்ளூவால் ஒரு சொட்டு வைத்து அடைத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். குழாயை உடைத்தால் மட்டும் போதாது, உள்ளே இழுத்துக்கொண்டு பிழைத்துவிடும். உங்களிடம் பவளம் இல்லாததால் வந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இறகு தெரிந்தால் விடுங்கள், நூல் தெரிந்தால் அடையுங்கள்.

முன் கண்ணாடி அசிங்கமாக இருந்தால் பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டுங்கள். பிளேடு வைத்தால் மணல் மாட்டிக் கண்ணாடி கீறும். பின் கண்ணாடியையும் கல்லையும் அப்படியே விட்டுவிடுங்கள். பம்புதான் ஒரே இடம், அங்கே விடக்கூடாது. சுழலும் விசிறியில் சுருள் ஒட்டினால் இரைச்சல் வரும், ஓட்டம் குறையும், வெயில் காலத்தில் பம்பு சூடாகி நின்றேவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, பம்பை வெளியே எடுத்து, பாதி வினிகர் பாதி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். சுண்ணாம்புக் கூடு நுரைத்துக் கரையும். மிச்சத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். மளிகைக் கடை வெள்ளை வினிகரே போதும். 'மரைன் பம்ப் கிளீனர்' என்று எதையாவது எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.