வல்லாரைக் களிம்பில் பூஞ்சணம்

வணக்கம். மகனின் முழங்கால் சிராய்ப்புக்கெனப் பச்சை வல்லாரையை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் கலந்த களிம்பு ஐந்தே நாளில் பூஞ்சணம் பிடித்ததாக எழுதியிருந்தீர்கள். பழுது எண்ணெயில் இல்லை, இலையின் ஈரத்தில்தான். இலையைக் கழுவி, விரலில் நொறுங்கும்வரை நிழலில் உலர்த்தி, எண்ணெயில் இட்டு, அந்தச் சட்டியைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, இரண்டு மணிநேரம் மெல்லிய சூட்டில் ஊறவிட்டு, உலர்ந்த துணியில் வடியுங்கள். வடித்த எண்ணெய் 100 கிராமுக்குத் தேன்மெழுகு 20 கிராம் போதுமானதெனினும், யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் களிம்பு இளகிவிடுவதால் நான் 25 கிராம் சேர்ப்பேன். குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு விட்டால் இறுக்கம் தெரிந்துவிடும். போத்தலில் துளி நீரும் இருக்கக் கூடாது. சிராய்ப்பைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின் மெல்லியதாகப் பூசலாம். வேலிக்கம்பி ஆழமாகக் கிழித்த காயமென்றால் களிம்பைத் தொடாமல், ஏற்பு (டெட்டனஸ்) ஊசிக்கு வைத்தியசாலைக்கே கூட்டிச் செல்லுங்கள்.