வெளுத்துப்போகும் உருண்டைக் கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: ஐயா, தண்டையார்பேட்டையில் மொட்டை மாடியில் கள்ளிச்செடி வளர்க்கிறேன். மார்ச் மாதம் நர்சரியில் வாங்கிய இரண்டு உருண்டைக் கள்ளிகளில் ஒன்று ஒரு பக்கம் மட்டும் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. இன்னொன்று அடியிலிருந்து பழுப்பாகி வருகிறது. கத்திரி வெயில் தாங்கவில்லையோ என்று தினமும் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். உரம் ஏதாவது போட வேண்டுமா?

பதில்: உரம் வேண்டாம். தண்ணீரையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நான் பார்த்த வரையில் வெயிலில் செத்த கள்ளியைவிட, தண்ணீர் ஊற்றி ஊற்றிச் செத்த கள்ளிதான் அதிகம்.

நிறத்தை மட்டும் வைத்துக் கள்ளியின் நோயைச் சொல்ல முடியாது. எந்த இடத்தில் தொடங்கியது, அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, குழைகிறதா என்று பாருங்கள். பென்சிலின் மழுங்கிய முனையால் அழுத்தினால் போதும்.

முதல் செடியில் ஒரு பக்கம் மட்டும் என்கிறீர்கள். அந்த இடம் கெட்டியாக இருந்தால் வெயிலில் வெந்ததுதான். நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த செடியை நேராக மாடியில் வைத்திருப்பீர்கள். ஏப்ரல் கடைசியில் சென்னையில் உச்சி வெயில் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். தரையின் அனலும் கைப்பிடிச் சுவரின் அனலும் அதோடு சேரும். வெந்த இடம் போகப் போகப் பழுப்பாகி அட்டை மாதிரி காயும். தழும்பு மறையாது, ஆனால் செடி பிழைத்துக்கொள்ளும். 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். இல்லையா, ஒரு பழைய வேட்டியைக் கட்டினாலும் சரி. தொட்டியை மட்டும் திருப்பி வைக்காதீர்கள், வெயில் பழகாத பக்கமும் வெந்துவிடும். இனி வாங்கும் செடிக்கு முதல் இரண்டு வாரம் காலை 9 மணி வரையிலான வெயில் மட்டும் போதும்.

எனக்குக் கவலை இரண்டாவது செடியைப் பற்றித்தான். அடிப்பகுதி காய்ந்த மரப்பட்டை போலக் கெட்டியாக இருந்தால் அது வயதால் வருவது, விட்டுவிடலாம். குழைந்து, ஈரம் கசிந்து, நாற்றம் அடித்தால் அழுகல். அப்படியானால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். செய்தித்தாளை நாலாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்து வெளியே எடுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் அடியிலிருந்து சிறிது சிறிதாகச் சீவுங்கள். உள்சதையில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரியாத வரைக்கும் வெட்ட வேண்டும். ஒரு புள்ளி மிஞ்சினாலும் அழுகல் மேலே ஏறிவிடும். வெட்டிய இடத்தில் கந்தகத் தூளைத் தடவி, நிழலில் பத்து நாளாவது காயவிட்டு, உலர்ந்த மணல் மேல் வையுங்கள். உருண்டைக் கள்ளி வேர்விட மாதக்கணக்கில் ஆகலாம், பொறுமையாக இருங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் போடாதீர்கள்.

அழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் நர்சரியில் நிரப்பித் தரும் தேங்காய்நார்த் தூள்தான். மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். செம்மண் ஒரு பங்கு, கழுவிய கரடுமுரடான எம்-சாண்ட் (கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணல்) இரண்டு பங்கு, செங்கல் துண்டு ஒரு பங்கு கலந்து, ஓட்டையுள்ள மண்தொட்டியில் நடுங்கள். துடைப்பத்து ஈர்க்குச்சியை அடி வரை குத்தி எடுத்துப் பாருங்கள். அது உலர்ந்து வந்த பிறகே அடுத்த தண்ணீர்.

போர் தண்ணீரையும் கவனியுங்கள். கடலோரமான உங்கள் பக்கத்தில் பல போர்களில் உப்பு ஏறியிருக்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் அந்த உப்புதான். நாளடைவில் புதுத் தளிர் வெளிறும். மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ நல்லது, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்கூடப் பரவாயில்லை. ஆர்ஓ மிஷின் வெளியே தள்ளும் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

துரு நிறம் உச்சியிலிருந்து பரவினால் சிவப்புச் சிலந்திப் பேன். துறைமுக லாரிகள் ஓடும் சாலையோரத்து மாடிகளில் தூசி படியும், தூசி படிந்த செடியில் இது சீக்கிரம் பெருகும். வாரம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மீறி வந்தால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள், wettable sulphur) லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம், ஆனால் இந்தக் கத்திரியில் வேண்டாம், செடி கருகிவிடும்.

அக்டோபரில் மழை தொடங்கும் முன் தொட்டிகளை வெளிச்சம் படும் சன்ஷேடுக்குக் கீழே மாற்றிவிடுங்கள். டிசம்பர் வரை மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் போதும்.