18 நாளில் 6 தீவுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

நலம்தானே? நானும் மனைவியும் வேலையை விட்டுவிட்டு ஏழு மாதம் ஆசியாவில் சுற்றினோம். நேபாளம், வியட்நாம், லாவோஸ், கம்போடியா, கடைசியாகத் தாய்லாந்து. மலையும் பஸ்ஸும் இரவு ரயிலுமாக அலைந்ததற்குப் பரிசாகத் தீவுகளை முடிவில் வைத்திருந்தோம். நவம்பரில் 18 நாள். முதலில் தாய்லாந்து வளைகுடாப் பக்கம் கோ தாவ், கோ பங்கான், கோ சமூய். பிறகு நிலத்தைக் கடந்து அந்தமான் கடல் பக்கம் கோ பீ பீ, கோ லந்தா, கோ லீப்பே. வளைகுடாவில் பாதி நாள் மழை. பீ பீ பக்கத்து மாயா விரிகுடாவில் 400 பாட் (தாய்லாந்துப் பணம்) வாங்கிக்கொண்டு நீந்தக்கூட விடவில்லை. லந்தாவில் எங்களுக்குள் சண்டை. இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. அவள் இங்கேயே இருந்துவிடலாம் என்றாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு லீப்பேயை விடுவதா என்றேன் நான். போனோம். அழகான தீவுதான். ஆனால் அங்கே எடுத்த படங்களில் இருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

அங்குள்ள கடல் நாடோடிகளே காலங்காலமாகத் தீவு தீவாகப் போகிறவர்கள்தானே, நாங்கள் போனதில் என்ன தவறு?

என் கேள்வி இதுதான். அடுத்த முறை எந்தப் பக்கத் தீவுகளுக்குப் போவது? நீண்ட பயணத்தில் தீவுகளைத் தொடக்கத்தில் வைப்பதா, முடிவிலா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீண்ட பயணங்களின் கடைசி வாரங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பல மாதம் சுற்றிவிட்டு வரும் இளம் தம்பதிகள் பலர் என்னிடம் பேசுகிறார்கள். நடுப்பகுதியைக் கண்கள் விரியச் சொல்வார்கள். கடைசிப் பகுதி வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றுவார்கள். நீங்கள் மாற்றாமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே பதில் எழுதுகிறேன்.

மழையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வளைகுடாத் தீவுகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதிலும் நவம்பர்தான் உச்சம். அந்தமான் பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது. வானத்தின் மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

ஆனால் மாயா விரிகுடாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. 2018 ஜூனில் அந்த விரிகுடாவை ஏன் மூடினார்கள் தெரியுமா? அந்தச் சின்னக் கடற்கரையில் ஒரே நாளில் 5,000 பேர் வரை இறங்கினார்கள். படகுகள் நங்கூரம் போட்டுப் போட்டுப் பவளப்பாறையை நொறுக்கின. மூன்றரை வருடம் பூட்டிவைத்து, பவளத்தைக் கையால் நட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இன்று படகுகள் விரிகுடாவுக்குள் வருவதில்லை. பின்பக்கம் லோ சமா விரிகுடாவில் இறங்கி, மரப்பாதையில் நடந்து வரவேண்டும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மறுபடி மூடுகிறார்கள். இதன் பயனாக, துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் கரையோர ஆழமில்லாத நீருக்குத் திரும்பி வந்திருக்கின்றன. முழங்கால் தண்ணீரில் நின்று அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தது. நீங்கள் 400 பாட்டை நினைத்துக்கொண்டிருந்தீர்கள். நீந்துவதற்கு அந்தக் கடலில் வேறு இடமா இல்லை?

சரி, 18 நாள் கணக்குக்கு வருகிறேன். 6 தீவு என்றால் போய்ச் சேர்ந்ததும் கிளம்பியதும் சேர்த்து 7 முறை இடம் மாறியிருக்கிறீர்கள். படகு ஓடுவது ஒன்றரை மணி நேரமாக இருக்கலாம். ஆனால் காலையில் ஈரத்துணியைப் பையில் திணிப்பதில் தொடங்குகிறது அந்த நாள். யார் பூட்டினார்கள், யார் சார்ஜரை விட்டுவிட்டார்கள் என்ற பேச்சு. வண்டிக்குக் காத்திருந்து துறைக்குப் போனால், எந்தத் தீவு என்று எழுதிய ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டி, வெயிலில் வரிசையில் நிறுத்துகிறார்கள். இறங்கியதும் மலைபோல் குவித்த மூட்டைகளில் உங்கள் பையைத் தேட வேண்டும். அப்புறம் அறை தேடி, சாவி வாங்கி, குளித்து உட்கார்ந்தால் வெயில் தாழ்ந்திருக்கும். சமூயிலிருந்து பீ பீக்குப் போனது ஒரு முழு நாளைத் தின்றிருக்கும். இப்படி 7 நாள் போனால் மீதி 11. அதை ஆறாகப் பிரித்தால் ஒரு தீவுக்கு இரண்டு நாள்கூட இல்லை. அந்த இரண்டில் ஒன்றில் அடுத்த படகுக்கு டிக்கெட் விசாரித்திருப்பீர்கள். உங்கள் மனைவிக்குக் கடலை விடத் துறைகளைத்தான் நன்றாக நினைவிருக்கும்.

எந்தத் தீவையும் இரண்டு நாளில் பார்க்க முடியாது என்று நான் பல முறை சொல்லியிருக்கிறேன். இப்போதும் சொல்கிறேன். முதல் நாள் கண்ணுக்குத் தெரிவது மணலும் தண்ணீரும் மட்டும்தான். தண்ணீர் எந்த நேரத்தில் விலகுகிறது, எப்போது எந்தப் பாறை வெளியே வருகிறது, எந்தப் படகு எப்போது திரும்புகிறது என்பதெல்லாம் நாலைந்து நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியவரும். நீள்வால் படகின் முன்முனையில் வண்ணத்துணி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படம்கூட எடுத்திருப்பீர்கள். படகைக் காக்கும் மே யா நாங் தெய்வத்துக்குக் கட்டுவது அது. அந்த முனையை மிதிக்கக் கூடாது என்பதைப் படகுக்காரர் உங்களிடம் சொல்ல அவருக்கு உங்களைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

கடல் நாடோடிகளைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். மோக்கன் மக்கள் கபாங் என்ற படகில் குடும்பத்தோடு வாழ்ந்து தீவு தீவாகப் போனது உண்மை. மீனுக்கும் சிப்பிக்கும் கடல் அட்டைக்கும் போனார்கள். மழை இல்லாத மாதங்களில் போனார்கள். தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் கரையேறிக் குடிசை போட்டு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தார்கள். உங்களுடைய பயணத்தில் இந்த இரண்டாவது பாதி எங்கே? லந்தாவிலும் லீப்பேயிலும் இருக்கும் உராக் லவோய் மக்களும் கடல் மக்கள்தான். எப்போதோ கரையில் ஊன்றியவர்கள். லீப்பேயில் அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியையே நிலத்தகராறில் அடைத்துவிட்டார்கள் என்று 2022 கடைசியில் போராட்டம் நடந்தது. தங்கிய இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் மனிதர்களைப் பார்க்காமல், அவர்களுடைய பெயரை மட்டும் உங்கள் அவசரத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா?

எனக்கு லந்தாவைத் தெரியும். நானும் என் கணவரும் ஒரு நீண்ட பயணத்தின் முடிவில்தான் அங்கே போய்ச் சேர்ந்தோம். மே மாதம். கடல் கொந்தளிக்கத் தொடங்கி, தெற்கே போகும் படகுகள் நின்றுவிட்டன. மேற்குக் கரையில் விடுதிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கிழக்குப் பக்கம் பழைய ஊருக்குப் போய், தண்ணீரின் மேல் தூண்கள் நட்டுக் கட்டிய ஒரு மரவீட்டில் அறை எடுத்தோம். அவர் காலையில் மீன்கூடு பின்னுகிறவர்களிடம் போய் உட்கார்ந்துவிடுவார். நான் குடையோடு தனியாக நடப்பேன், அல்லது படிப்பேன். மதியம் வரை ஒருவரை ஒருவர் தேடமாட்டோம். சாயங்காலம் அவரிடம் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கும், என்னிடம் சொல்ல அவரிடமும் இருக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் அது இருக்கவில்லை. ஒரே ஜன்னல் வழியாக ஒரே வயலைப் பார்த்துக்கொண்டு வந்த இரண்டு பேர் இரவில் எதைச் சொல்லிக்கொள்வார்கள்?

தீவு இதற்குத்தான் நல்லது. சின்ன இடம், யாரும் தொலைந்துபோக மாட்டார்கள். ஆகவே பயமில்லாமல் பிரிந்திருக்கலாம். ஏழு மாதம் ஒரே அறை, ஒரே பஸ் என்று கழித்த இருவருக்கு அதைவிட வேறென்ன பரிசு வேண்டும்?

அந்த மே மாதத்தில்தான் உராக் லவோய் மக்களின் படகு விடும் சடங்கையும் பார்த்தோம். அவர்கள் கணக்கில் வருடத்துக்கு இரண்டு தடவை, ஆறாவது மாதமும் பதினோராவது மாதமும் முழுநிலவை ஒட்டி, பருவக்காற்று மாறும் காலத்தில் நடத்துகிறார்கள். படகு கட்டி, அதில் மரப்பொம்மைகளும் வெட்டிய நகமும் முடியும் பொரியும் போட்டு, நோயும் கெட்டதும் அதோடு போகட்டும் என்று கடலில் விடுகிறார்கள். இரவெல்லாம் வயலினும் மேளமும் ஆட்டமும். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், கணவரின் தோளிலிருந்து கால்வரை பொரியால் தடவி, அதைப் படகில் போட்டார். பிறகு கணவர் அவருக்குத் தடவினார். இருவரும் அதைத் துளியும் அவசரமில்லாமல் செய்தார்கள். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்கள் அவசரத்தை நான் வெறும் பேராசை என்று நினைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தவர் நீங்கள். கடைசிப் படகு நின்றால் வீடு, வேலை தேடுவது, உறவினர்களின் கேள்விகள். இன்னொரு தீவு இருக்கும்வரை பயணம் முடியவில்லை என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை உங்கள் மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், லந்தாவில் இரண்டு நாள் மௌனம் இருந்திருக்காது. அவருக்கும் அதே பயம் இருந்திருக்கும். அவர் அதை உட்கார்ந்து கடக்க நினைத்தார், நீங்கள் ஓடிக் கடக்க நினைத்தீர்கள். ‘இங்கேயே இருந்துவிடலாம்’ என்று அவர் சொன்னதற்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தமான் பக்கம் போகலாம். ஜூலை, ஆகஸ்டில் போவதென்றால் வளைகுடாப் பக்கம். ஒரு பக்கம் போதும், ஒரு தீவு போதும். மிஞ்சிப்போனால் இரண்டு. தொடக்கத்திலா முடிவிலா என்று கேட்டால், நான் நடுவில் வைக்கச் சொல்வேன். இருவருக்கும் அலுப்பு தட்டத் தொடங்கும் அந்த மூன்றாவது, நான்காவது மாதத்தில்.

இன்னொன்று. லந்தாவில் அந்த இரண்டு நாளும் அவர் என்ன செய்தார், எங்கே நடந்தார், யாரோடு பேசினார் என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்களுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இன்றைக்கே கேளுங்கள். அடுத்த கடிதம் அவரிடமிருந்து வந்தால் உடனே பதில் எழுதுவேன்.

அன்புடன்.