லெப்டொப் கிராபிக்ஸ் கார்டின் வோல்ட்டேஜைக் குறைப்பது என்றால் என்ன?

மென்பொருள் வழியாகக் கார்டின் வேகத்தைக் குறைப்பது அண்டர்க்ளொக். வேகத்தை அப்படியே விட்டு, அதற்குக் கொடுக்கும் வோல்ட்டேஜைக் குறைப்பது அண்டர்வோல்ட். மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஃபேன் காற்றே அனலடிக்கும். அந்நேரம் கேம் விளையாடினால், லெப்டொப் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு நான் முதலில் சொல்வது அண்டர்வோல்ட்தான்.

ஒரே மாதிரிச் சிப்புகளும் உள்ளுக்குள் ஒன்றுபோல இருப்பதில்லை. பலவீனமான சிப்பும் தடுமாறக்கூடாதென்று கம்பனி எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே வோல்ட்டேஜ் வைக்கிறது. சிப் வேலை செய்யும்போது எரிக்கும் மின்சாரமோ வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறும்: 1.0 வோல்ட்டை 0.9 ஆக்கினால், அதே வேகத்தில் ஏறத்தாழ 19 சதவீதம் மிச்சம். அவ்வளவு சூடும் குறையும். சோறு கொதி வந்தபின் அடுப்பைக் குறைக்கிறோமே, அது மாதிரி. சோறு அதே நேரத்தில்தான் வேகும், காஸ் மிச்சம்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் போன்ற மென்பொருளில் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். சில லெப்டொப்களில் இந்த வசதி பூட்டப்பட்டிருக்கும்.

வோல்ட்டேஜ் குறைந்தால் கார்ட் பழுதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, மிஞ்சிக் குறைத்தால் திரை உறையும் அல்லது லெப்டொப் ரீஸ்டார்ட் ஆகும், பழைய அளவுக்கு மாற்றினால் வழமைபோல் ஓடும்.