பிளக் பொருந்தினால் போதுமா? அடாப்டர் கேள்வி-பதில்

கேள்வி: ஸ்பீக்கரோடு வந்தது 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். கையில் இருப்பது 12 வோல்ட், 2 ஆம்பியர். போட்டால் எரிந்துவிடுமா?

பதில்: எரியாது, தாராளமாகப் போடுங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர் அது அதிகபட்சம் தரக்கூடிய அளவு. கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். குறைத்துப் போட்டால்தான் வம்பு. 2 ஆம்பியர் கேட்கும் ஸ்பீக்கர் 1 ஆம்பியர் அடாப்டரில் மெதுவாகப் பாடும்வரை ஒன்றும் தெரியாது. சத்தத்தைக் கூட்டியதும் வோல்டேஜ் இறங்கி, அணைந்து மறுபடி ஆன் ஆகும். அடாப்டர் கைவைக்க முடியாமல் சுடும். வோல்டேஜில் இந்தச் சலுகை கிடையாது. 9 வோல்ட் கருவிக்கு 9 வோல்ட்தான்.

கேள்வி: பழைய அடாப்டர் தொலைந்துவிட்டது. எதை வாங்குவது?

பதில்: கருவியின் அடிப்புறத்தையும் ஜாக்கின் (பிளக்கைச் செருகும் துளை) ஓரத்தையும் பாருங்கள். வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் நேர்கோடும் அதன்கீழ் விட்டுவிட்டு ஒரு கோடும் இருந்தால் டிசி. அலைக்கோடு இருந்தால் ஏசி. ஏசி வெளியீடு தரும் அடாப்டர்களும் உண்டு, டிசி கருவியில் அவற்றைச் செருகவே கூடாது.

அடுத்தது போலாரிட்டி, அதாவது பிளக்கில் பிளஸ் எந்தப் பக்கம், மைனஸ் எந்தப் பக்கம் என்பது. வோல்ட், ஆம்பியர் எல்லாம் சரியாகப் பார்த்து வாங்குபவர்களும் இதைக் கவனிக்காமல் கருவியைப் பறிகொடுக்கிறார்கள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றித் திறந்த வளையம் என ஒரு படம் இருக்கும். புள்ளியிலிருந்து கிளம்பும் கோடு பிளஸ்ஸில் முடிந்தால் பிளக்கின் உட்பக்கம் பிளஸ், வெளியுறை மைனஸ். பெரும்பாலானவை இப்படித்தான். கிட்டார் எஃபெக்ட் பெடல்களில் பெரும்பாலும் நேர்மாறு: 9 வோல்ட், உள்ளே மைனஸ்.

புது அடாப்டரைக் கருவியில் செருகும் முன் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையைப் பிளக்கின் துளைக்குள்ளும் கறுப்பை வெளியுறையிலும் தொடுங்கள். எண்ணுக்கு முன்னால் மைனஸ் வந்தால் உள்ளே மைனஸ். சிவப்பு முனை வெளியுறையில் உரசினால் ஷார்ட் ஆகிவிடும், கவனம்.

கேள்வி: பிளக் உள்ளே போகிறது, ஆட்டினால் அணைந்துவிடுகிறது.

பதில்: வெளிவிட்டம் 5.5 மி.மீ. உள்ள பிளக்குகளில் உள்துளை 2.1 மி.மீ., 2.5 மி.மீ. என இரண்டு அளவு உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். 2.1 ஜாக்கில் 2.5 பிளக் தளர்வாக உட்கார்ந்து, தொடுமிடம் பொறி பறந்து கருகும். 2.5 ஜாக்கில் 2.1 பிளக் நுழையாது. அழுத்தாதீர்கள், ஜாக்கின் நடுவே உள்ள ஊசி வளைந்துவிடும்.

கேள்வி: கனமான பழைய 9 வோல்ட் அடாப்டர் மீட்டரில் 13 காட்டுகிறது. பழுதா?

பதில்: இல்லை. அது வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் வகை. சுமை இல்லாதபோது வோல்டேஜ் ஏறி நிற்கும், எழுதியிருக்கும் ஆம்பியரை இழுத்தால்தான் 9-க்கு இறங்கும். பழைய ரேடியோவோடு வந்ததென்றால் அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கருவிகளுக்கு வோல்டேஜை நிலையாக வைக்கும் ஸ்விட்சிங் அடாப்டர் வாங்குங்கள்.

கேள்வி: மடிக்கணினி வேறு அடாப்டரில் ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை.

பதில்: டெல் போன்ற சில மடிக்கணினிகளின் பிளக் நடுவே மெல்லிய ஊசி இருக்கும். தான் எத்தனை வாட் என்பதை அடாப்டர் அதன்வழியே சொல்லும். அந்தத் தகவல் வராவிட்டால் மடிக்கணினி சார்ஜை நிறுத்தி, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஊசி வளைந்திருந்தாலும் இதே கதைதான். முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: பழைய சார்ஜரில் ஏறும் டார்ச், புது டைப்-சி சார்ஜரில் ஏறவில்லையே?

பதில்: சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. மறுமுனையில் கருவி இருப்பது தெரியாமல் டைப்-சி சார்ஜர் மின்சாரமே விடாது. அதைத் தெரிவிக்கக் கருவியின் போர்ட்டில் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு வேண்டும். மலிவான கருவிகள் பலவற்றில் அவற்றை விட்டுவிடுகிறார்கள். அகலமான பழைய யுஎஸ்பி போர்ட் (டைப்-ஏ) கேட்காமலே 5 வோல்ட் தரும். ஆகவே இந்த டார்ச்சுக்கு ஒரு முனை டைப்-ஏ, மறுமுனை டைப்-சி உள்ள கேபிள்தான்.